நாணயம், சாதி, கட்டிடம்: சிறுநகர வங்கிகளை முன்வைத்து

எங்கள் ஊர்க் கடைவீதியில் இருந்த பழைய பேங்க் கட்டிடத்தைப் போன வருஷம் இடித்துவிட்டார்கள். வங்கி அதற்கு முன்பே அதைக் காலிசெய்து, ஒரு ஜவுளிக்கடை மாடிக்குக் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாகக் குடிபோயிருந்தது. பழைய கட்டிடத்துக்கு ஆறு தூண். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியதாகச் சொல்லப்படும் வழவழப்பான சுவர். முகப்பில் சுதையில் செய்த கஜலட்சுமி. தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்துக்கு மேடை, அதில் ஏறிப்போக ஏழு கருங்கல் படி. இடிப்பதற்கு முந்தின வாரம் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் சிலர் கூடிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு சிறு மலரும் போட்டார்கள். கட்டிடம் ஊரின் முகமாக இருந்தது, முன்னோரின் நாணயத்துக்குச் சாட்சியாக நின்றது, எல்லோருக்கும் சொந்தமான நினைவு பறிபோய்விட்டது என்கிற தொனியில் அதில் நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள்.

மலரை வீட்டில் உரக்க வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "எல்லாருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தாத்தா பண்ணையாள். நெல் விற்ற பணத்தை பேங்கில் கட்டப் பண்ணையார் வில்வண்டியில் போகும்போது, காசு மூட்டையைக் காக்க வண்டிக்குப் பின்னால் நடந்து போவார். கட்டிடம் வந்ததும் மூட்டையை இறக்கித் தோளில் வைத்துப் படிவரை கொண்டுபோவார். அங்கே காரியக்காரர் அதை வாங்கிக்கொள்வார். மூட்டை உள்ளே போகும், சுமந்தவர் வேப்பமரத்தடியில் நிற்பார். "படியேறக் கூடாதுன்னு பேங்குல யாரும் சொன்னதில்ல. ஏறணும்னு நமக்குத் தோணுனதும் இல்ல" என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார்.

தடுப்பதற்கு ஆள் போடாமலே ஒரு கட்டிடம் ஒருவரை வெளியே நிறுத்திவிடுகிறது. கிராம்சியைப் படித்தவர்கள் இதைச் சம்மதம் என்பார்கள். ஆனால் 'சம்மதம்' என்கிற சொல் தாத்தா நின்ற இடத்துக்குச் சற்றுப் பெரிய சொல்லாகவே எனக்குப் படுகிறது. அவரைக் கேட்டிருந்தால் அல்லவா அவர் சம்மதித்திருக்க முடியும்? 'ஊர் வரலாறு' என்கிற சொல்லாடல் இப்போது நம் சிறுநகரங்களில் பெருத்துவருகிறது. அது கட்டிடத்தை முன்னால் வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றவர்களை மறக்கிறது என்றால், அந்தப் படி எப்படி வந்தது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

*

தமிழில் கடன்தொழிலுக்கு இரண்டு விதமான கட்டிடங்கள் இருந்தன. ஒன்று கிட்டங்கி. ரங்கூன் முகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகள் நீளமான கூடங்களில் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள். ஒரு கடை என்றால் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி, பின்னால் ஓர் இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோரும் தரையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கடன் வாங்க வந்தவரும் தரையில்தான். தூண் கிடையாது, முகப்பு கிடையாது. 1929-30இல் விசாரித்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவற்றில் புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் அளவு என்றும் மதிப்பிட்டது. அவ்வளவு பணமும் பாயில் உட்கார்ந்து புழங்கிய பணம். (கட்டிடம் எளிமையாக இருந்ததால் தொழிலும் எளிமையானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெருமந்தத்துக்குப் பிறகு கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் கால்பங்கு கடனுக்கு ஈடாக இவர்கள் கைக்கு வந்துசேர்ந்தது. பர்மிய விவசாயிக்கு அந்தப் பாயின் மேல் என்ன நினைவு இருக்கும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இன்னொன்று வெள்ளைக்காரன் பேங்க். 1843இல் வந்த மதராஸ் பேங்க் முதலில் துறைமுகத்தையும் பஞ்சையும் காப்பியையும் தேடிப்போனது. 1921இல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் பேங்குகள் மூன்றும் சேர்ந்து இம்பீரியல் பேங்க் ஆனபோது ஐந்து வருஷத்துக்குள் நூறு புதுக் கிளை திறக்கவேண்டும் என்று நிபந்தனை போடப்பட்டது. நம் நடுத்தர ஊர்களுக்கு உயர்ந்த மேடை, தூண், கம்பிக் கூண்டு, இரண்டு சாவியில்லாமல் திறக்காத 'ஸ்ட்ராங் ரூம்' எல்லாம் பரவியதில் இந்தக் கிளைகளுக்குப் பங்குண்டு. ஆனால் உள்ளே பணத்தை எண்ணியது துரை அல்ல. செல்லாக்காசு கலந்தால் தன் சொத்திலிருந்து ஈடுகட்டுவதாக ஜாமீன் எழுதிக்கொடுத்த உள்ளூர்ச் சராப்புதான் எண்ணினார். முகப்பு ஐரோப்பாவினுடையது, கல்லாப்பெட்டி உள்ளூர்ச் சாதியினுடையது. நம் காலனியக் கட்டிடங்கள் பலவற்றையும் இப்படிப் பிளந்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

தூண் எதற்கு? பேங்க் விற்பது நம்பிக்கையை. 'நான் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போக மாட்டேன்' என்று கல்லால் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் கல் சொன்னது எப்போதும் மெய்யாக இருக்கவில்லை. 1906 அக்டோபரில் மதராஸில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தபோது அதன் தூணில் ஒரு விரிசல்கூட இல்லை. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அதிர்ச்சியிலிருந்துதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யரின் முயற்சியிலும் நகரத்தார் முதலிலும் 1907இல் இந்தியன் பேங்க் பிறந்தது. இதைச் சுதேசியத்தின் வெற்றியாக எழுதுவது வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் மயிலாப்பூர் வக்கீலும் செட்டிநாட்டு முதலும் சேர்ந்தபோது 'சுதேசம்' என்று யாரைச் சொன்னார்கள் என்றும் கேட்கலாம்.

*

தமிழ் படித்தவன் என்பதால் ஒரு சொல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறேன். நாணயம். காசுக்கும் இதுதான் பெயர், சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் இதுதான் பெயர். 'நாணயமான ஆள்' என்றால் கடன் கொடுக்கலாம் என்று அர்த்தம். 'கடன்' என்கிற சொல்லும் இப்படித்தான்: செய்யவேண்டிய கடமையும் அதுவே, திருப்பித் தரவேண்டிய பணமும் அதுவே. நம் மொழி பொருளாதாரத்தையும் ஒழுக்கத்தையும் ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிறது. இது தமிழின் செழுமை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் செழுமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏனென்றால் இப்படிக் கட்டிவைத்ததால், கையில் காசு இல்லாதவனுக்குக் குணமும் இல்லை என்று ஆகிவிடுகிறது. எங்கள் தாத்தா வருஷாவருஷம் சுமந்துபோன மூட்டையிலிருந்து ஒரு ரூபாயும் குறைந்ததில்லை. அந்த நாணயம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. பேரேட்டில் ஏறுகிற நாணயம் வேறு: ஈடுவைக்க நிலம், கையெழுத்துப் போட இன்னொரு நிலக்காரர், 'இன்னார் மகன்' என்று சொல்ல ஒரு தெரு. சிறுநகர வங்கியின் டைரக்டர்கள் கடன் மனுவைப் பார்த்து முடிவுசெய்ய அதிக நேரம் எடுத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. மனு போட்டவரைக் கல்யாணத்திலும் கோயிலிலும் பார்த்திருப்பார்கள். இன்றைக்கு இதை 'அந்தக் காலத்து முகப்பழக்கம்' என்று உருகி எழுதுகிறார்கள். எந்தக் கல்யாணம், எந்தக் கோயில் என்று கேட்டால் உருகுவது நின்றுவிடும்.

*

இந்த வங்கிகளின் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1904இல் கும்பகோணம் பேங்க். 1916இல் கரூரில், ஒரு லட்ச ரூபாய் முதலில், கரூர் வைசியா பேங்க். 1921இல் தூத்துக்குடியில் நாடார் பேங்க். 1926இல் மறுபடியும் கரூரில் லட்சுமி விலாஸ் பேங்க். ஊர்ப்பெயர், வருணப்பெயர், சாதிப்பெயர், சாமிப்பெயர். இந்த நாலில் எது 'சாதி வங்கி' என்று கேட்டால் நம் பொதுப்புத்தி உடனே தூத்துக்குடியைக் காட்டும். சாதி பெயர்ப்பலகையில் இருந்தால்தான் சாதி என்று நாம் பழகியிருக்கிறோம். ஊர்ப்பெயர் வைத்தவர்கள் ஊர் முழுக்கவா பங்குதாரர்? 'ஊர்' என்ற சொல்லே 'சேரி'க்கு எதிர்ச்சொல்லாகப் புழங்குகிற நாட்டில் ஊர்ப்பெயர் என்பதும் ஒரு சாதிப்பெயர்தான். கொஞ்சம் நாசூக்கான சாதிப்பெயர்.

நாடார் பேங்கின் கதை ஆழமாகப் பேசவேண்டியது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தொடங்கி லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. நடுவில் 1899இல் சிவகாசிக் கலவரம். கோயில் படி மறுக்கப்பட்ட அந்தத் தீர்ப்புக்குப் பதின்மூன்று வருஷம் கழித்து அவர்கள் பேங்க் தொடங்குகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் 1910இல் நாடார் மகாஜன சங்கம் உருவாகி, வங்கி யோசனை அங்கே பேசப்பட்டு முதிர்ந்தது.

இதற்கான முதல் எங்கிருந்து வந்தது என்பதைத் தனிமனித முயற்சிக் கதைகளாகச் சொல்வது மேம்போக்கான வாசிப்பு. அதற்கு அடியில் மகமை இருக்கிறது. சந்தைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் பொதிக்கும் இவ்வளவு என்று உறவின்முறை வசூலித்த பொதுப்பணம் அது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் பேட்டைகள் அந்தப் பணத்தில் நின்றன. விருதுநகரில் 1889இல் அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் வந்தது. பேங்க் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, கட்டிடம் இல்லாத, பேரேடு மட்டும் உள்ள ஒரு பேங்க் அங்கே இருந்தது என்றே சொல்லலாம். ஹார்ட்கிரேவ் நாடார்கள் பற்றி எழுதிய புத்தகத்தை (1969) நம்மில் பலர் அரசியல் வரலாறாகத்தான் படித்தோம். மகமைக்காக இன்னொருமுறை படிக்கலாம்.

ஆக, ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கான படியைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. 'சாதிச் சங்கத்தின் வங்கி' என்று இதை இளக்காரமாகப் பேசியவர்கள் எவருடைய வங்கியில் கணக்கு வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் போதும்.

ஆனால் இங்கேயே நின்றுவிட முடியாது. மகமை என்பது மூட்டையின் மேல் போடும் வரி. தன் சாதியின் கைவழியே சரக்குப் போகவேண்டும், அப்போதுதான் மகமை. அடுத்தவன் மூட்டையைத் தோளில் சுமக்கிறவனுக்கு எதன்மேல் மகமை போடுவது? தலித்துகள் ஏன் இப்படி ஒரு பேங்க் தொடங்கவில்லை என்று ஒரு கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். சுயமுயற்சி என்கிற பெருங்கதையாடல் நல்லெண்ணக்காரர்களையும் எப்படிப் பிடித்துவைத்திருக்கிறது என்பதற்கு அந்தக் கேள்வி உதாரணம். அதே வட்டாரத்தில் பின்னால் வளர்ந்த தீப்பெட்டித் தொழிலில் முதலாளிக்குக் கடன் கிடைக்கச் சாதி வலைப்பின்னல் இருந்தது. தீக்குச்சி அடுக்கிய குழந்தைகளுக்கு அதில் இடம் இருக்கவில்லை.

1962இல் நாடார் பேங்க் 'தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்' ஆனது. சாதி பலகையிலிருந்து இறங்கியது. ஆனால் 1990களில் அதன் பெரும்பான்மைப் பங்குகள் எஸ்ஸார் குழுமத்தின் கைக்குப் போனபோது 'நம்ம பேங்க்' என்ற குரல் எழுந்தது. பங்குகளை மீட்க இயக்கம், வழக்கு, நிதி திரட்டல் என்று வருஷக்கணக்கில் நடந்தது. பம்பாய் முதலுக்கு எதிராக உள்ளூர்ச் சாதியின் குரல்: இதில் நாம் எந்தப் பக்கம்? அன்றைக்கு நம் வட்டாரத்தில் இதைப் பேசாமலே கடந்துவிட்டோம். சாதியையும் முதலையும் தனித்தனி அத்தியாயமாகப் படித்த பழக்கம் அது. அந்த வங்கி 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. இனி 'நம்ம' என்ற சொல்லை அங்கே எப்படிச் சொல்வார்கள் என்று பார்க்கவேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பேங்க் விழுந்தபிறகு ரிசர்வ் வங்கிக்குக் கட்டாய இணைப்பு அதிகாரம் வந்தது, சின்ன வங்கிகள் மளமளவென்று மறைந்தன. நாடு முழுக்க 1951இல் 566 வங்கிகள், 1969இல் 89. கும்பகோணம் பேங்க் மட்டுமே 1957இலும் 1965இலும் மூன்று வங்கிகளைத் தன்னில் சேர்த்துக்கொண்டது. 1987இல் ஊர்ப்பெயரையும் உதிர்த்துவிட்டு 'சிட்டி யூனியன்' ஆனது.

*

இவ்வளவு வங்கியும் இவ்வளவு தூணும் இருந்து, உழுதவனுக்கு எவ்வளவு போய்ச்சேர்ந்தது? 1951-52இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின் அறிக்கை 1954இல் வந்தது. விவசாயிகள் வாங்கிய கடனில் வணிக வங்கிகளின் பங்கு 0.9 சதவீதம். கூட்டுறவு 3.1. லேவாதேவிக்காரர்களிடம் ஏறத்தாழ 70. 'ஊரின் முகம்' என்று மலர் போடுகிறவர்கள் அட்டையில் அச்சடிக்க வேண்டிய எண் இந்த 0.9தான். அதுவும் 'விவசாயி' என்று கணக்கில் வந்தவர்களுக்கு. தாத்தா அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் கூலி.

1969 ஜூலை 19, பதினான்கு வங்கிகள் நாட்டுடைமை. இந்திரா காந்தியின் கட்சிக்குள் நடந்த சண்டையில் அது ஓர் ஆயுதம் என்பது உண்மைதான். வங்கி ஊழியர் சங்கங்களும் இடதுசாரிகளும் நெடுநாளாக வைத்த கோரிக்கை என்பதும் உண்மைதான். அன்றைக்கு இந்தியா முழுக்க 8,262 கிளைகள் இருந்தன. 1991இல் 60,000-க்கு மேல். வங்கி இல்லாத ஊர்களில் நாலு கிளை திறந்தால்தான் வங்கி இருக்கிற ஊரில் ஒன்று திறக்கலாம் என்று 1977இல் விதி வந்தது. இப்படி வந்த கிளைகளுக்குத் தூண் கட்ட நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஊரில் இருந்த ஒரே காரைவீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள்.

அந்த வீடு யாருடையது? எங்கள் பக்கத்துக் கிராமத்தில் வந்த கிளை, தாத்தா வேலை பார்த்த அதே பண்ணையாருடைய வீட்டின் முன்கட்டில் வந்தது. திண்ணைக்குக் கம்பி போட்டார்கள். குதிர் இருந்த அறை ஸ்ட்ராங் ரூம் ஆனது. சமூகக் கட்டுப்பாட்டுக்குள் வங்கியைக் கொண்டுவருவது என்ற முழக்கம் எங்கள் ஊருக்கு வந்துசேர்ந்தபோது அது ஆண்டை வீட்டுத் திண்ணை ஆகிவிட்டிருந்தது. வாடகையும் அவருக்கே. அப்புறம் வந்த ஆடு மாடு லோன்களுக்கு, யாருக்குக் கொடுக்கலாம் என்று மேனேஜர் யாரைக் கேட்டிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் அங்கே ஒன்று நடந்தது. 1976 வாக்கில் அப்பாயி தன் தோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நகைக்கடனுக்குப் போனாள். அதுவரை அடகுக்கடைதான். மதிப்புப் போடும் ஆசாரி உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார். கையில் பித்தளை டோக்கன் கொடுத்தார்கள். அப்பாயி டோக்கனை மடியில் முடிந்துகொண்டு தரையில் உட்கார்ந்தாள், பெஞ்சு காலியாக இருந்தது. உள்ளேயிருந்து ஒரு கிளார்க் எழுந்து வந்து, "அம்மா, பெஞ்சுல உக்காருங்க" என்றார். "இருக்கட்டும் சாமி" என்றாள். "சாமின்னு கூப்பிடாதீங்கம்மா, நானும் நம்ம தெருதான்" என்றாராம். வேறு மாவட்டத்துக்காரர், இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். அப்பாயி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆண்டை வீட்டுத் திண்ணையில், அவர் வீட்டு ஆட்கள் பார்க்க, முதல்தடவையாக. தோட்டுக்கு நூற்றிருபது ரூபாய் கிடைத்தது. அதில் அப்பா ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்கினார்.

நாட்டுடைமை தோற்றுவிட்டது என்றும், வாராக்கடனைப் பெருக்கியது என்றும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதட்டும். அந்தப் பெஞ்சை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவர்கள் எனக்குச் சொல்லவேண்டும். அதே சமயம், அந்தப் பெஞ்சு போட்டிருந்த வீடு யாருடையது என்பதையும் மறைத்து, நாட்டுடைமையைப் பொற்காலமாக நம் தோழர்கள் எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை.

நம்மைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தமிழ்ச் சிறுபத்திரிகை வங்கிச் சம்பளத்தால் கொஞ்சம் வாழ்ந்திருக்கிறது. வண்ணதாசனும் கலாப்ரியாவும் வங்கி ஊழியர்கள். சந்தா கட்டியவர்களிலும் அச்சகக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களிலும் வங்கி ஊழியர்கள் கணிசம். ஆனால் என் வாசிப்புக்கு எட்டியவரை, நம் கதைகளில் வங்கி வந்தால் அது கவுன்டருக்கு உள்ளே இருந்துதான் வருகிறது: மாற்றல், லாட்ஜ் அறை, பிரமோஷன், தனிமை. டோக்கனை மடியில் முடிந்துகொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறவள் ஓரமாக வந்துபோகிறாள். அவள் பக்கமிருந்து கவுன்டரைப் பார்த்து எழுதின கதை எனக்குத் தட்டுப்படவில்லை. இருந்தால் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

*

1991-க்குப் பிறகு கிராமக் கிளை என்பது லாபக்கணக்கில் பார்க்கப்படும் விஷயமாயிற்று. 1990இலேயே தஞ்சாவூர் பேங்க் இந்தியன் பேங்கில் கரைந்துவிட்டது. 2001இல் மதுரா பேங்க் ஐசிஐசிஐயில் கரைந்தது. 2020 நவம்பர் 17 அன்று கரூர் லட்சுமி விலாஸ் வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கமுடியாது என்று உத்தரவு வந்தது. பத்து நாளில் அந்த வங்கி சிங்கப்பூர் டிபிஎஸ்ஸின் இந்தியக் கம்பெனியோடு இணைக்கப்பட்டது. பங்குதாரர்களின் பங்குக்கு மதிப்பு ஒன்றுமில்லை என்று எழுதி முடித்தார்கள். தமிழ்க் கிட்டங்கிகள் சிங்கப்பூருக்குப் போய்ப் பாய் விரித்த காலம் ஒன்று. சிங்கப்பூர்ப் பணம் கரூருக்கு வந்து பலகை மாற்றிய காலம் இது.

இன்றைக்கு எங்கள் தெருவுக்குக் கடன் கட்டிடமே இல்லாமல் வருகிறது. பைக்கில் வருகிறது. யாராவது ஒரு வீட்டு வாசலில் பத்துப் பெண்கள் உட்காருகிறார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். ஈடு கிடையாது என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரிதான் ஈடு. தவணை நாள் அன்றைக்குத் தெருவில் சண்டை. படியேற விடவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே படி தானாக நம் வாசலுக்கு வந்துவிட்டது, வாராவாரம் வருகிறது. நாணயம் என்பது இப்போது 300-க்கும் 900-க்கும் இடையே ஓர் எண். சிபில் ஸ்கோர் என்கிறார்கள். அந்த எண்ணுக்குச் சாதி தெரியாது என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நிலம் யாரிடம் இருக்கிறது, மாதச் சம்பளம் யாருக்கு வருகிறது என்பது அந்த எண்ணுக்குத் தெரிந்தால் போதாதா?

வங்கியும் இல்லாமல் குழுவும் இல்லாமல் போகிற இடம் கந்துவட்டி. அதைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், அரசாங்கக் கட்டிடத்தின் வாசலில், கந்துவட்டிப் புகாரோடு பலமுறை அலைந்த ஒரு குடும்பம் தீயிட்டுக்கொண்டது. இரண்டு குழந்தைகள் உட்பட நாலு பேர். கட்டிடங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வாசலையும் சேர்த்து எழுதவேண்டும்.

பழைய வங்கிக் கட்டிடங்களை இடிக்கவேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருக்கட்டும். ஆனால் கட்டிடத்தை மட்டும் காப்பாற்றுவதில் எனக்கு ஆர்வமில்லை. பேரேடுகள் வேண்டும். 1930களில், 40களில், 50களில் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், எந்தத் தெருக்காரருக்கு, எதை ஈடாக வைத்து, எந்த நிலம் ஏலத்தில் போனது, யார் எடுத்தார்கள். உள்ளூர் வரலாறு எழுதுவதற்கு இதைவிட நல்ல மூலப்பிரதி கிடையாது. வங்கி நூற்றாண்டு விழா மலர்களில் நிறுவனர் படம்தான் இருக்கும், இது இருக்காது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய சாமான் கடைகள் பார்க்கப் போயிருந்தேன். ஒரு கடையில் பித்தளைக் கம்பி போட்ட தேக்குக் கவுன்டர் ஒன்று கிடந்தது, ஏதோ ஒரு பழைய வங்கியிலிருந்து வந்ததாம். ஒரு ரிசார்ட்டுக்கு வரவேற்பு மேசையாகப் போகப்போவதாகக் கடைக்காரர் சொன்னார். "இதோட கணக்குப் புஸ்தகம் எதுவும் வந்துச்சாண்ணே?" என்று கேட்டேன். "அதெல்லாம் எடைக்குப் போயிரும் தம்பி. தோல் அட்டை மட்டும் சில பேரு கேப்பாங்க" என்றார்.

எங்கள் ஊர்க் கட்டிடத்தின் கஜலட்சுமி உடைந்துபோனது. தூண் செங்கல்தான், உள்ளே கல் இல்லை என்பது இடித்தபோதுதான் தெரிந்தது. ஏழு படிக்கல்லையும் காண்ட்ராக்டர் தனித்தனியாக விற்றார். அப்பா யாரிடமும் சொல்லாமல் ஒன்றை வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து கொல்லையில் போட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, துவைக்கிற கல்லு உடைஞ்சு ரொம்ப நாளாச்சே என்றார்.